மைனஸ் பதினெட்டுக்குக் கீழே

பாடாங் செராய் கடைத்தெருவில்
ஆ ஹொக்கின் கோழிக்கடைக் குளிரறை
நேற்றிரவே செத்துவிட்டது.
"ஆம்பளை யாரும் வரலையா?" என்றவரிடம்
டார்ச்சைக் கொடுத்துப் பிடிக்கச் சொன்னேன்.

குழாயில் கசிவு. பற்றவைத்தாயிற்று.
இனி வேக்கம் பம்ப் நாற்பது நிமிடம் காற்றை இழுக்கும்.
கவிழ்த்த ஐஸ் பெட்டிமேல் உட்கார்ந்து
குவாண்டம் கணினியைப் பற்றி
விட்ட இடத்திலிருந்து படிக்கிறேன்.

படத்தைப் பார்ப்பவர்கள் தங்கச் சரவிளக்கு என்கிறார்கள்.
எனக்குத் தெரியும், அது ஒரு ஃபிரிட்ஜ்.
ஹீலியம் ஓடித் தட்டுத் தட்டாய்க் குளிர் இறங்கும்,
அடித்தட்டில் நகமளவு சில்லு.
இந்தக் கோழிகளுக்கு மைனஸ் பதினெட்டு போதும்.
அதற்கோ அங்கிருந்து
இன்னும் இருநூற்று ஐம்பத்தைந்து டிகிரி இறங்க வேண்டும்,
இனி இறங்கப் படியே இல்லாத இடத்துக்கு
ஒரு மயிரிழை மேலே.
சூடு என்பது தொணதொணப்பு.
ஒரு தொணதொணப்பு போதும்,
சில்லுக்கு நினைப்புக் கலைந்துவிடும்.

நம்பர் கடைக்குப் போகிற வழியில்
செம்பனை லோரி தனுஷ்கோடி நின்றார்.
"அது பத்தாயிரம் நம்பரையும் ஒரே நேரத்துல பார்க்குமாமே?
புதன்கிழமைக்கு ஒண்ணு கேட்டுச் சொல்லேன்."

பதினாலு க்யூபிட் போதும் அண்ணே.
பூச்சியமா ஒன்றா என்று
முடிவெடுக்காமல் நிற்கிற பதினாலு பேர்,
சேர்ந்தால் அத்தனை நம்பரையும் ஏந்துவார்கள்.
ஆனால் நீங்கள் எட்டிப் பார்த்த நொடியில்
ஒன்றுதான் வாயில் வரும்.
ஏதோ ஒன்று.
அதற்கு உங்கள் கனவில் வந்த கார் நம்பரே மேல்.

"அப்புறம் எதுக்கு அது?"

பின்சந்துக்கு வாருங்கள், இங்கே நில்லுங்கள்.
மருந்துக்கடைக் கம்ப்ரசர் உறுமுகிறது,
அதே உறுமலை எதிர்ச்சுவர் திருப்பி அனுப்புகிறது.
இந்த இடத்தில் காதடைக்கும்.
ஒரு எட்டு தள்ளி நின்றால்
மேடு பள்ளத்தில் விழுந்து
சத்தம் சத்தத்தைத் தின்றுவிடும்.
தப்பான விடைகள் இப்படித் தின்றுகொண்டு ஒழிய,
சரியானது மட்டும் உரக்கக் கேட்க,
அலைகளை அடுக்குவதுதான் வித்தை.
எட்டிப் பார்ப்பது கடைசியில்.
அடுக்குவதற்குக் கணக்கில் ஓர் ஒழுங்கு வேண்டும்.
குலுக்கல் பந்துக்கு ஏது ஒழுங்கு?

அவர் முன்னும் பின்னும் நகர்ந்து பார்த்தார்.
"சத்தம் குறையுதுதான்" என்றார்.
நம்பர் எடுக்கப் போய்விட்டார்.

இன்னும் பதினைந்து நிமிடம்.
என்னென்னவோ செய்யலாமாம்:
புது மருந்து, புது பேட்டரி,
ஒருநாள் வங்கிப் பூட்டையும் உடைக்கலாமாம்
(என் கணக்கில் இருநூறு வெள்ளி, எடுத்துக்கொள்ளட்டும்).
யூரியா என்ற வார்த்தையில் நின்றுவிட்டேன்.

போன மாதம் என்னிடம் பழைய காற்றாடி வாங்கிய
வங்காளதேசத்து ஷஃபிகுலின் விரல் வெடிப்பில்
வெள்ளையாய் இருந்தது அது.
காற்றைப் பிடித்து அந்த உரமாக்க
ஆலைக்கு நானூறு டிகிரி சூடும் நசுக்கும் அழுத்தமும் வேண்டும்.
அவன் உரம் வீசும் அதே தோட்டத்தில்
இளஞ்செம்பனை வரிசைகளின் இடையே
மூடுபயிர்க் கொடி படர்ந்து கிடக்கிறது.
அதன் வேர்முடிச்சில் கிருமிகள்
இருபத்தெட்டு டிகிரியில், மழையில் நனைந்துகொண்டே,
காற்றைப் பிடித்து முடிக்கின்றன.
எப்படி என்று இன்றைய கணினிகளுக்கு
முழுதாய் எண்ணிச் சொல்ல வரவில்லை.
அங்கே எலக்ட்ரான்கள் ஓரிடத்தில் நிற்பதில்லை;
நிற்காததை எண்ண
நிற்காத ஒன்றே வேண்டுமாம்.

ஆகட்டும், ஆனால் இப்போதைக்கு
அந்த இயந்திரங்கள் தப்பாய்த்தான் எண்ணுகின்றன.
ஒரு க்யூபிட்டின் தப்பைத் திருத்த
நூற்றுக்கணக்கில் காவல் போட வேண்டும்.
ஷஃபிகுலின் பெர்மிட் அதற்குள் முடிந்துவிடும்.

மீட்டர் முள் அசையவில்லை. கேஸ் விட்டேன்.
கம்ப்ரசர் ஒருமுறை கனைத்துக்கொண்டு ஓடத் தொடங்கியது.
ஆ ஹொக் நிமிடத்துக்கொருமுறை கதவைத் திறக்கிறார்,
குளிர்ந்துவிட்டதா என்று.

மூடுங்கள் தவ்கே.
பார்க்கப் பார்க்க
ஏறிக்கொண்டே இருக்கும்.